இரு முனையும் செருகிய வயர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு மாணவர் விடுதியின் இரண்டாம் மாடியில் வீரபாண்டிக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஓண விடுமுறை. விடுதியே காலி. அரியர் பரீட்சை இருந்ததால் அவன் மட்டும் ஊருக்குப் போகவில்லை. எதிர்க் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. அறைத்தோழன் கைலாஷின் கட்டில். போன மாதம் கல்லாற்றில் குளிக்கப் போனவன் சுழலில் சிக்கி இறந்துபோனான். இன்னமும் படுக்கும்போது, "லைட்டை அணைக்கட்டாடா?" என்று அந்தக் கட்டிலைக் கேட்டுவிடுவான் வீரபாண்டி. கேட்ட பிறகுதான் உறைக்கும்.

போனக்காடு எஸ்டேட்டில் இருக்கும் அம்மாவுக்கு அவன் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால், படித்தது போதும் என்று கையோடு கூட்டிப் போய்விடுவாள். மாலை ஆறு மணிக்கு அவள் வீடியோ காலில் வருவாள். நாள் முழுக்க அவன் காத்திருப்பது அந்த ஒரு குரலுக்குத்தான். அறைக்குள் மொபைல் சிக்னல் எடுக்காது. சுவரிலிருந்து லேப்டாப்புக்கு வயர் செருகினால்தான் நெட்.

அன்று நல்ல மழை.

"சாப்ட்டியாலே?"

"சாப்ட்டேம்மா. நீ..."

படம் உறைந்து நின்றது.

எழுந்து வெளியே போனான். மாடிப்படி ஓரம் நெட் ஸ்விட்ச் பெட்டி. எல்லா அறை வயரும் அதில்தான் வந்து சேரும். ஆள் இருக்கும் அறைக்கு மட்டும் பச்சை விளக்கு சிமிட்டும். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சிமிட்ட வேண்டும்.

மூன்று சிமிட்டின. வெறி பிடித்ததுபோல, ஒரே வேகத்தில்.

கீழே வாட்ச்மேன் தாணுமாலையனிடம் கத்திச் சொன்னான்.

"ஒரே வயரோட ரெண்டு முனையையும் சுவத்துல குத்தியிருப்பானுவ மக்கா. அப்பம் மாடி மொத்தமும் நெட்டு படுத்துரும். பயலுவளுக்கு இதே சோலிதான்."

"யாருமே இல்லையே அண்ணாச்சி!"

"அப்பம் நீதான் குத்தியிருப்ப. போயி நல்லா பாருடே."

விளக்குகளுக்குக் கீழே ஒட்டியிருந்த அறை எண்ணைப் பார்த்தான். மூன்றும் ஒரே எண்.

அவனுடைய அறை.

திரும்பி நடந்தான். கதவு, அவன் விட்டுவந்தபடியே பாதி திறந்திருந்தது. குனிந்து கைலாஷின் மேசைக்கடியில் பார்த்தான். சுவரில் அருகருகே இரண்டு துளை. கைலாஷின் நீல வயர்... இரண்டு முனையும் செருகியிருந்தது.

காலையில்தான் அங்கே பெருக்கியிருந்தான். அப்போது வயர் சுருட்டி ஆணியில் தொங்கியது.

பிடுங்கினான். நெட் வந்தது. அம்மாவின் அழைப்பு முடிந்திருந்தது.

உட்காரலாம் என்று நாற்காலியில் கை வைத்தான்.

ஈரம்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. இரவெல்லாம் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தான். எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அவளே வந்தாள்.

"நேத்து எங்கலே எந்திரிச்சுப் போன?"

"நெட் போச்சும்மா."

"எங்க போச்சு? உன் ரூம்காரப் பையன்லா வந்து உக்காந்து பேசினான். தங்கமான புள்ள. தலையில தண்ணி சொட்டுது, துவட்டுலேன்னா சிரிக்கான்."

வீரபாண்டி எதிர்க் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"தனியா இருக்கப் பிடிக்கலையாம். வீட்டுக்கு வரட்டா அம்மான்னான்."

"நீ... என்ன சொன்ன?"

"வான்னேன். காலைல முத பஸ்ஸுக்கே வந்துட்டானே! உன்கிட்ட சொல்லலையா? குளிருதாம், அடுப்படிய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கான். இரு, அவன்ட்ட குடுக்கேன்."

திரையில் அம்மாவின் முகம் நகர்ந்தது. கரி படிந்த சுவர் தெரிந்தது. அடுப்பு வெளிச்சம் ஆடியது...

அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல்தான் வீரபாண்டியின் விரல் இருந்தது.

அவன் அழுத்தவில்லை.