விருந்தாளிச் செங்கல்

"எங்க சபைக்கு வந்த விருந்தாளி ஒருத்தர்கூட ஒரு நாள் வேலையில்லாம உட்கார்ந்தது கிடையாது. நான் மூச்சோட இருக்கிற வரைக்கும் உட்காரவும் விடமாட்டேன்!"

வட்டார மூப்பர்கள் கூட்டத்தில், எழுந்து நின்று, ஆள்காட்டி விரலை உத்தரத்துக்கு நேராக உயர்த்தி இப்படிப் பிரகடனம் செய்தவர், முலாஞ்சே மலையடிவாரத்து நமகோகோ சபையின் மூப்பர் கிளாட்சன் மக்வின்ஜா. தொழில் கொத்தனார் வேலை. மற்ற சபைகளின் மூப்பர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். விருந்தாளிகளுக்கு வேலை கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய ஊழியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமகோகோவில் விருந்தாளி வந்தால் பாய் விரிப்பார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கோழிக்கு அன்றோடு ஓட்டம் முடிந்துவிடும். விருந்தாளி கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் ஏழு தலைமுறைக்கும் கெட்ட பேர். ஆனால் ஸ்காட்லாந்திலிருந்து ஆண்டுதோறும் ஜூலை மாதம் பத்து நாள் ஊழியத்துக்கு வருகிறவர்கள் வேறு ஜாதி விருந்தாளிகள். ஏழு ஆண்டுகளுக்கு முன் முதல் குழு வந்தபோது வழக்கப்படி பாயில் உட்காரவைத்து மூன்று நாள் கோழியும் ன்சிமாக் களியும் போட்டார்கள். நான்காம் நாள் விருந்தாளிகளின் முகம் வெளிறிப்போனது. ஒரு பெண்மணி யாரோ ஒருத்தியின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி ஆலய வளாகத்தைப் பெருக்க ஆரம்பித்தார். ஒருவர் ஜெபத்தில், கடவுள் தன்னை இவ்வளவு தூரம் எதற்காகக் கூட்டி வந்தார் என்று கேட்டுத் தேம்பி அழுதார்.

போதகர் கலோங்கா நடுங்கிப்போனார். "மூப்பரே, சனங்க வாடிப்போறாங்க. கோழி ஒத்துக்கலையோ?"

"கோழி இல்லீங்க ஐயா. சும்மா இருக்கிறது ஒத்துக்கலை" என்றார் கிளாட்சன். முப்பது ஆண்டுக் கொத்தனாரின் கண் ஆலயத்தின் கிழக்குப் பக்கம் போனது. பழைய கட்டட வேலையில் மிஞ்சிய சுட்ட செங்கல் ஆயிரத்து ஐந்நூறு அங்கே குவிந்து கிடந்தது. அதை மேற்குப் பக்கம் கொண்டுபோய் அடுக்க வேண்டும் என்று அறிவித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையாக நின்றார்கள், பாட்டுப் பாடினார்கள், கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லார் முகத்திலும் மறுபடி ரத்தம் ஊறியது.

அடுத்த ஆண்டுக் குழு அதே செங்கலை மேற்கிலிருந்து கிழக்குக்குக் கொண்டுவந்தது. அதற்கடுத்த குழு மறுபடி மேற்குக்கு. இப்படி ஏழு ஆண்டில் அந்தச் செங்கற்கள் போதகரைவிட அதிகமாக ஊழியப் பயணம் செய்துவிட்டன. வழியில் முனை உடைந்தது, பாதியானது, தூளானது எல்லாம் போக ஆயிரத்து இருநூறு தேறும். ஊரில் அதற்கு விருந்தாளிச் செங்கல் என்று பேர். ஆடு மேய்க்கிறவன்கூட அதன்மேல் உட்காரமாட்டான்.

இந்த ஏற்பாட்டில் குறை கண்ட ஒரே ஆத்துமா, கிளாட்சனின் மனைவி எனெலெசி. ஆலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் காலைக் கஞ்சி காய்ச்சும் தாய்மார்களுக்கு அவள்தான் தலைவி. வெட்டவெளியில் மூன்று கல், அதன்மேல் அண்டா. அதுதான் சமையலறை. ஜூலையில் மலையிலிருந்து சிப்பெரோனித் தூறல் இறங்கினால் நாள்கணக்கில் நிற்காது. அடுப்பு அணைந்துவிடும். கஞ்சி வேகுமுன் மணி அடித்துவிடும். இருநூறு பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குள் போகும்.

"லிம்பானி அப்பா, மூணு சுவர் கேட்கிறேன். அரண்மனையா கேட்டேன்?" என்று பிள்ளை பேரைச் சொல்லிக் கணவரைக் கூப்பிட்டுக் கேட்பாள்.

"அது விருந்தாளிச் செங்கல்."

"விருந்தாளிங்க ஊருக்குப் போனப்புறம் அது என்ன பண்ணுது?"

"ஓய்வெடுக்குது."

"அதுக்கு இருக்கிற குடுப்பினை எனக்கு இல்லாமப் போச்சே."

"உனக்குச் சமையலறை கட்டிட்டா அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு நான் எதைக் குடுப்பேன்? உன் துடைப்பத்தையா?"

"குடுங்களேன். அது பெருக்கவாவது செய்யும்."

வருடத்துக்கு நான்கு முறை இந்தப் பேச்சு நடக்கும். நான்கு முறையும் கிளாட்சனுக்கு ஆலயத்தில் அவசர வேலை வந்துவிடும்.

இந்த ஜூலையில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சிற்றுந்திலிருந்து முதலில் இறங்கியவர் இசொபெல். வயது எழுபத்தொன்று. தன் ஊரில் முப்பது ஆண்டு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னும் வந்திருந்தார். அப்போது, இறந்துபோன கணவர் ஹியூவின் பெயரை ஒரு செங்கலில் வெள்ளைச் சாயத்தால் எழுதி, இதை ஏதாவது ஒரு சுவரில் வைத்துவிடுங்கள் என்று கிளாட்சனிடம் கொடுத்திருந்தார். கிளாட்சனும் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நொடியில் அது உண்மையாகத்தான் இருந்தது.

"மூப்பரே, என் ஹியூ எந்தச் சுவர்ல இருக்கான்?"

கிளாட்சன் அவசரமாக அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். கையளவு இங்கிலீஷில் சமாளித்தார். "சுகமா இருக்காரும்மா."

"பார்க்கலாமா?"

"முதல்ல தேத்தண்ணி குடிங்க."

அன்று தேத்தண்ணீரோடு போனது. மறுநாள் ஊர்த்தலைவரைப் பார்க்கக் கூட்டிப்போனார். அதற்கும் மறுநாள் ஞாயிறு. அன்றைய ஆராதனையை, தன் சொந்த ஜெபத்தைக் கொண்டே, கிளாட்சன் நாலு மணி நேரம் நீட்டினார். கிடைத்த இடைவெளியில் எல்லாம் குவியலைக் கிளறி ஹியூவைத் தேடினார். இருமல், தும்மல், தேள் எல்லாம் கிடைத்தன. ஹியூ கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை தொடங்கியே ஆகவேண்டும். குழுத் தலைவர் டங்கன் கையுறையோடு வந்து நின்றுவிட்டார். இந்த ஆண்டு மேற்கிலிருந்து கிழக்கு. கிளாட்சன் இசொபெலிடம் போய், "பெரியவங்க நீங்க, நிழல்ல இருந்து பாட்டை மட்டும் எடுத்துக் குடுங்கம்மா" என்று பணிவாகச் சொன்னார்.

"பாட்டு வராது. கை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வரிசையில் போய் நின்றார்.

பாட்டு நடந்தது, செங்கல் நடந்தது. நானூறுக்கு மேல் போயிருக்கும். வெள்ளைச் சாயம் போட்ட ஒரு செங்கல் ஆறு பேர் கையைத் தாண்டி ஏழாவதாக நின்ற இசொபெலின் கைக்கு வந்தது. அங்கேயே நின்றது. பின்னால் இருந்தவர்கள் கையில் செங்கல் தேங்கியது. பாட்டு முதலில் ஒரு பக்கம் நின்றது, அப்புறம் மறுபக்கமும் நின்றது.

இசொபெல் செங்கலைப் பார்த்தார். மேற்கே புல் முளைக்காத சதுரத்தைப் பார்த்தார். கிழக்கேயும் அதே அளவில் புல் முளைக்காத சதுரத்தைப் பார்த்தார்.

"மூப்பரே. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்ற பஸ்ஸை நான் முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். பார்த்தா எனக்குத் தெரியும்."

கிளாட்சனிடம் இரண்டு பொய்கள் தயாராக இருந்தன. எதைச் சொல்லலாம் என்று அவர் நிறுத்துப் பார்ப்பதற்குள் தூறல் இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பக்கம் பெண்களின் கூச்சல். இரண்டு பேர் அண்டாவுக்குமேல் பிளாஸ்டிக் தாம்பாளத்தைப் பிடித்தார்கள். எனெலெசி குனிந்து ஊதினாள், ஊதினாள், புகைதான் வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் காலிக் கிண்ணத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வகுப்புக்கு ஓடின.

"அங்க ஏன் சுவர் இல்லை?" என்று இசொபெல் கேட்டார்.

செங்கல் இல்லை என்பதுதான் அதற்கு வழக்கமான பதில். ஆயிரத்து இருநூறு செங்கலுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைச் சொல்ல ஒரு மூப்பரின் வாய்க்கே வரவில்லை. அதற்குள் எனெலெசி கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டாள்.

"என்ன கேட்கிறாங்க அந்த அம்மா?"

"அது... சுவரைப் பத்தி..."

"அப்பச் சொல்லுங்க. கூட்டத்துல விரலைத் தூக்கிச் சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லுங்க."

கிளாட்சன் விரலைத் தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். "உங்களுக்கு வேலை குடுக்கணும்னு வச்சிருந்தேம்மா. சுவராக் கட்டிட்டா வேலை முடிஞ்சுபோயிடும். முடிஞ்சுட்டா நீங்க வருத்தப்படுவீங்க."

டங்கனின் முகம் சிவந்தது. கையுறையை ஒரு கையில் மட்டும் கழற்றிவிட்டு மறு கையை மறந்துவிட்டார். மற்றவர்கள் தங்கள் கையில் இருந்த செங்கலை, யாருடைய பிள்ளையோ என்பதுபோலப் பார்த்தார்கள். இசொபெல் மட்டும், ஊரில் யாருமே உட்காராத அந்தக் குவியலின்மேல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, மறுபடி சிரிப்பானது.

"அஞ்சு வருஷமா முதுகு வலிக்குது எனக்கு. என்னமோ பெரிசாச் செஞ்சுட்டோம்னு அதைத் தடவித் தடவிச் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்." செங்கலைத் துடைத்தார். "ஹியூ கோவிச்சுக்கமாட்டான். வீட்ல ஒரு அலமாரியை அவன் இருபது வருஷம் இடம் மாத்திக்கிட்டே இருந்தான். சரி, இவனை எங்கே வைக்கப் போறீங்க?"

கிளாட்சன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். போனவர் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கால் மணி நேரத்தில் சுவர் கட்டும் கரணையும் தூக்குக்குண்டும் கையுமாகத் திரும்பி வந்தார்.

அன்றைக்கே அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி அஸ்திவாரம் பறித்தார்கள். தாய்மார்கள் தண்ணீர் சுமந்தார்கள். விருந்தாளிகள் பேன்ட்டை மடித்துவிட்டுச் சேறு மிதித்தார்கள். டங்கன் ஒரு செங்கலைத் தானே வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார்.

"வைங்க" என்றார் கிளாட்சன். "சாயங்காலம் நான் பிரிச்சு வச்சுக்கிறேன்."

டங்கன் சேற்றுக்கே திரும்பிப் போனார். ஹியூவைக் கிளாட்சன் அடுப்புப் பக்கத்து மூலையில், கண் மட்டத்தில், பெயர் அடுப்பைப் பார்க்க வைத்தார்.

"அங்க கரி பிடிக்குமே" என்றாள் எனெலெசி. கிளாட்சன் அதை இங்கிலீஷில் சொன்னார்.

"பிடிக்கட்டும். வீட்லயும் அவனுக்கு அடுப்பு மூலைதான் பிடிக்கும்" என்றார் இசொபெல்.

புதன்கிழமை மாலை மூன்று சுவரும் எழும்பி, பழைய தகரம் கூரையேறியது. ஏழு ஆண்டு நடந்த செங்கற்கள் மூன்று நாளில் உட்கார்ந்துவிட்டன.

வியாழக்கிழமை காலையும் தூறல்தான். உள்ளே அடுப்பு கணகணவென்று எரிந்தது. பிள்ளைகள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. மணி அடித்தபோது அண்டாவில் அடிக்கஞ்சிதான் மிச்சம்.

போதகர் கலோங்கா குடையோடு ஓடிவந்தார். "மூப்பரே, விருந்தாளிங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னும் மூணு நாள் இருக்கே! இன்னைக்கு என்ன வேலை?"

போதகர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் ஒரு நாற்பது உடைசல் கிடக்கு பாருங்க. மெதுவாக் கடத்தினா, நடுவுல ரெண்டு ஜெபமும் வச்சா, சாயங்காலம் வரைக்கும் இழுக்கலாம். அடுத்த மாசம் மூப்பர் கூட்டம் வேற வருது. கேட்பாங்களே!"

கிளாட்சன் அந்த நாற்பதையும் பார்த்தார். கை பழக்கதோஷத்தில் கிழக்கே காட்டப் போனது. பாதி வழியில் அதை இறக்கிவிட்டு ஆலயத்துக்குள் போனார். பெரிய பாய் இரண்டைச் சுருட்டி எடுத்து வந்து, சமையலறைச் சுவரோரம், தூறல் படாத தகரத்தின் கீழே விரித்தார். எனெலெசி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு நிறைய வறுத்த நிலக்கடலையைப் பாய்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

"என்ன செய்யணும்?" என்று டங்கன் கேட்டார். இரண்டு கையிலும் கையுறை.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் கிளாட்சன். "உட்காருங்க."

இசொபெல்தான் முதலில் உட்கார்ந்தார், ஹியூ இருக்கும் மூலைக்கு வெளிப்பக்கம் முதுகைச் சாய்த்து. ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கடைசியாக டங்கனும் கையுறையைக் கழற்றினார். கிளாட்சன் கை கழுவத் தண்ணீர்க் குவளையோடு இசொபெலின் முன்னால் மண்டியிட்டார். அவர் கையை நீட்டினார். கிளாட்சன் மெதுவாக ஊற்றினார்.