கயிறு பிடித்த கை, சக்கரம் சுற்றிய கை

என் அலமாரியில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒடிந்த ஊசிமுனை ஒன்று. செருப்பு தைக்கிற மிஷினின் ஊசி, துணி தைக்கிற ஊசியைப்போல இரண்டு மடங்கு தடிமன். என் அத்தானின் ஆள்காட்டி விரலுக்குள் நகத்தோடு சேர்த்து இறங்கிய முனை அது. மிஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். வேறு யாராவது என்றால் அன்றைக்கே தூர எறிந்திருப்பார்கள். என்னால் முடியவில்லை. ஊசி இறங்கியதுகூட எனக்குப் பெரிதில்லை. அது இறங்கிய கையோடு அத்தான் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தூர எறிய முடியவில்லை.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றைக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பான். சொந்த அக்காள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்? முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்பார்கள். அக்காவுக்குக் கலியாணமான மறுமாசமே அத்தான் என்னைக் கூப்பிட்டு, "ஏலே மாப்ள, இனி என் உசிரு உங்கையிலதாம்ல" என்று கயிற்றை நீட்டினார். சிரித்துக்கொண்டேதான் நீட்டினார். எனக்கு அன்றைக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

அப்போதே காற்று அடிக்கிற கம்ப்ரசர் படகுக்கு வந்துவிட்டிருந்தது. அதிலிருந்து போகிற குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்புக் கயிறு மட்டும் பழைய கயிறுதான். கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு விடு என்று அர்த்தம், இரண்டு இழுப்பு இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் பாஷை, சின்னப்பிள்ளைக்குக்கூடப் புரியும். ஒருநாள் காலையில் அவர் பத்து ஆள் ஆழத்தில் இருக்கும்போது என் போன் அடித்தது. துறைமுகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன், அந்த ஆபீஸிலிருந்துதான். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையால் காதைப் பொத்த வேண்டும். கயிற்றைச் செருப்புக் காலுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். பாவி, மிதித்துக்கொண்டேன்! செருப்புக்கு அடியில் கயிறு துள்ளியது. தெரியவே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, "சரி சார், திங்கக்கிழமையே வாரேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகுக்குப் பக்கத்தில் தண்ணீர் வெடித்தது. அத்தான் வாயில் குழாய் இல்லாமல், கண் ரெண்டும் ரத்தமாய் மேலே வந்து விழுந்தார். ஏறி உட்கார்ந்து இருமினார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறார் என்று எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தொடையில் பளார் பளாரென்று அடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே மாப்ள, என் காலைக் காணோம்லே" என்றார். கால் அங்கேதான் இருந்தது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். படகு ஓட்டின அண்ணாச்சி ஓடிவந்து, "கயிறு இழுத்தானாலே?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, கயிறு அசையவே இல்ல" என்றேன். எப்படித்தான் அத்தனை சுருக்காய் அந்தப் பொய் வந்ததோ! அத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

கீழே காற்றுக்குழாய் மடங்கி மூச்சு நின்றிருக்கிறது, தாங்க முடியாமல் ஒரே எத்தாய் எத்தி மேலே வந்திருக்கிறார். ஆழத்திலிருந்து அப்படி ஏறினால் உடம்பு தாங்காது, முதுகுத்தண்டில் அடித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கயிற்றை ஏன் இழுக்கவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு அத்தான், "நாந்தான் சார் அவசரப்பட்டு ஏறிட்டேன்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அதிர்ச்சியில் அத்தானுக்கு நடந்ததெல்லாம் மறந்துபோயிற்று என்று நான் நம்பினேன். மாதா என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை வேலைக்கும் போனேன். இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

கடல் சத்தமே கேட்கக் கூடாது என்று அக்கா மில்லர்புரத்துக்கு வீடு மாறினாள். ஒரு வருசத்தில் அத்தான் கம்பு ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தார். பாதத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. அதனால் குதிகாலைச் சுற்றி வார் வைத்த செருப்புதான் போட வேண்டும், இழுத்து நடக்கிற நடைக்கு அந்த வார் வாராவாரம் பிய்யும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தைக்கக் கொடுத்த இடத்தில் கையால் சுற்றுகிற மிஷினைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "மாப்ள, அந்த மிஷினுக்குக் காலே வேண்டாம்லே! கை இருந்தாப் போதும்" என்றார். கால் போன பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "சங்கு எடுத்த கையால செருப்புத் தைக்கவா? ஊரு என்ன சொல்லும்?" என்றாள். "ஊரா வந்து என் செருப்பைப் போட்டு நடக்கப்போவுது?" என்றார் அத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிஷினை நான்தான் பார்சலில் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால், ஐயோ, தார்ச் சட்டிக்குள் முக்கி எடுத்தது மாதிரி கறுப்புக் கிரீஸ்! வார்ப்பிரும்புத் தலை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஒல்லிக் கை, பக்கத்தில் கைப்பிடி வைத்த பெரிய சக்கரம். கூட வந்த உயரமான ஸ்டாண்டை ஒதுக்கிவிட்டு, அத்தான் உட்காருகிற உயரத்துக்கு ஒரு பழைய படகுப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினோம். பாகம் பாகமாய்க் கழற்றி டீசலில் கழுவினோம். இரும்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் நூலைக் கடித்து அறுத்தது, நைஸ் அரத்தால் ராவினோம். அத்தான் சும்மா இருப்பாரா? கடையில் விற்கிற தையல்நூல் இற்றுப்போகும் என்று வலை பின்னுகிற நைலான் நூலைக் கொண்டுவந்து கோத்தார். நாலு சுற்றுக்குள் அடியில் அது குருவிக்கூடு கட்டி, சக்கரம் இறுகி நின்றுவிட்டது. கத்தரித்து எடுக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. நூலை மாற்றினால் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசியில் ஓடுகிற பள்ளத்தைத் தப்பான பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறோம்! அதைத் திருப்பின பிறகு, தோலின்மேல் ஒழுங்காய் ஒரு வரிசை தையல் விழுந்தது. முதலில் தைத்தது அவர் செருப்பு வாரைத்தான். அக்காவே ஓடிவந்து இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அத்தானுக்கு இடுப்பு நிற்காது. ஒரு கையால் சக்கரம் சுற்றினால் உடம்பு சாயும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போய்ச் சக்கரம் சுற்றுவேன், அவர் ரெண்டு கையாலும் தோலைப் பிடித்துத் திருப்புவார். முதல் நாளே, "ஏலே, பேசிக்கிட்டுத் தைக்க முடியாது. பலகையில ஒரு தரம் தட்டுனா சுத்து, ரெண்டு தரம் தட்டுனா நிப்பாட்டு. என்ன?" என்றார். எனக்குப் பழைய கயிறுதான் ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடப் பைகள், பூட்ஸ்கள், கோயிலுக்குப் போட்டுப் போகிற செருப்புகள் என்று தெருவே வர ஆரம்பித்தது. மனிதர் பாட்டுகூடப் பாடினார். பழைய காரியம் மூழ்கிவிட்டது என்று எனக்கும் தைரியம் வந்தது.

அப்புறம்தான் அந்த ஞாயிறு. தைத்துக்கொண்டிருந்தது என்னுடைய துறைமுகத்து பூட்ஸ், பக்கத்தோல் விட்டிருந்தது. போன் அடித்தது. ஆபீஸ்! இடது கையில் எடுத்தேன். வலது கை சக்கரத்தை விடவில்லை. "சொல்லுங்க சார்" என்றபடி சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் தட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. சக்கரம் எதிலோ தடுத்தது, தடித்த தோலாக்கும் என்று இன்னும் அரைச் சுற்று அழுத்திச் சுற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அத்தானின் விரலும் பூட்ஸும் ஒன்றாய்த் தைத்துக் கிடக்கின்றன. அவர் கத்தவில்லை. தலையைத் தூக்கி என்னையும் போனையும் பார்த்தார். படகில் பார்த்தாரே, அதே பார்வை.

"அன்னைக்கும் ரெண்டு தரம்தாம்ல இழுத்தேன்" என்றார்.

சேசுவே! போனுக்குள் யாரோ ஹலோ ஹலோ என்று கத்துகிறார்கள். சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியை மேலே எடுக்க வேண்டும், அதுகூட எனக்குத் தோன்றவில்லை. அத்தான்தான் சாய்ந்துபோகாமல் பலகையில் நெஞ்சை முட்டுக்கொடுத்து, இடது கையை எட்டிப் போட்டு, சக்கரத்தை மெதுவாய்த் திருப்பித் தன் விரலைத் தானே வெளியே எடுத்தார். ஒடிந்த முனை பூட்ஸ் தோலில் நின்றது. மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும், நான் கொண்டுபோன மீனைத் தின்றுகொண்டு, "மாப்ள, சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். அட பாவி மனுசா, ஒரு நாளாவது என்னை அடித்திருக்கக் கூடாதா?

சக்கரத்தின் சத்தம் நின்றுபோனதும் அக்கா வந்தாள். ரத்தத்தைப் பார்த்து, "யம்மா! என்னலே ஆச்சு?" என்று அலறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான், "ஒண்ணுமில்ல, நாந்தான் கவனிக்காம விரலை உள்ள விட்டுட்டேன்" என்றார். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே தொனி. அக்கா துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டே, "உங்களுக்கு என்னைக்குத்தான் அவசரம் போச்சு? கடல்லயும் அவசரம், கரையிலயும் அவசரம்" என்று ஏசினாள். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். ரத்தம் சொட்டுகிற அந்தக் கையால் அத்தான் பலகையில் ரெண்டு தரம் தட்டினார்.

நான் நிறுத்திவிட்டேன். அக்கா மருந்து வாங்க வெளியே போன நேரத்தில், ஏன் அத்தான் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன். "அக்கா தாலிக்காகத்தான மச்சினன் கையில கயித்தைக் குடுக்குது. தாலி நின்னுட்டு. இதைச் சொன்னா அவளுக்குத் தம்பி நிக்க மாட்டாம்லே" என்றார். பிறகு தோலில் நின்ற ஊசிமுனையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இனிச் சக்கரத்தை நானே சுத்திக்கிடுதேன்."

அப்படியே செய்தும் காட்டினார். நாற்காலியோடு இடுப்பை ஒரு பழைய கயிற்றால் கட்டிக்கொண்டு, வலது கையால் சுற்றி இடது கையால் தோலைத் திருப்பிப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இப்போதும் போகிறேன். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது, அக்கா டீ தருகிறாள். போன வாரமும், "சும்மாதான உக்காந்திருக்க, அத்தானுக்குக் கொஞ்சம் சக்கரம் சுத்திக் குடேம்ல" என்றாள். அத்தான் தலையைத் தூக்கவில்லை. அவளே தொடர்ந்து, "எல்லாம் இவரு இழுத்துக்கிட்டதுதான். அன்னைக்கு அவசரப்படாம கயித்தை ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா, எந்தம்பி தூக்கியிருக்க மாட்டானா?" என்றாள். தீப்பெட்டி அன்றைக்கு என் சட்டைப்பையில் இருந்தது. இதற்குமேல் முடியாது, சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். கையைப் பைக்குள் விட்டு, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

சக்கரம் நின்றது. பலகையில் ரெண்டு தரம் தட்டுகிற சத்தம். இப்போதெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்கிறது.