வெயில் சும்மா கிடைக்குதுல்லா?

போன மாசம் ஒரு புதன்கிழமை. நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு மிட்டாய். நானும் எங்க வீட்டு ஆளும் துணி காய வைக்கிற மெஷின் — டிரையர் — பார்க்கப் போயிருந்தோம்.

டை கட்டிய சேல்ஸ்மேன் நேரே அவரிடம் போனார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஏதோ மழைக்காக அவர் கையில் பிடித்து வந்த குடை மாதிரி.

"சாரே, வீட்டில் எத்ர பேருண்டு?"

"மூணு பேரு."

"ஆழ்ச்சயில் எத்ர தவண அலக்கும்?"

வாரத்துக்கு எத்தனை தடவை துணி துவைப்பீர்கள் என்று கேட்கிறார். எங்க ஆள் மோவாயைத் தடவினார். கடையின் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு."

ரெண்டு! நான் தினமும் ரெண்டு தடவை வாஷிங் மெஷின் ஓட்டுகிறேன். அவர் பல் தேய்க்கிற குழாய்க்குப் பக்கத்தில்தான் அது நிற்கிறது. ஓடும்போது தரையே அதிரும். அந்தச் சத்தத்தை இத்தனை நாளும் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார்? ரயில் என்றா?

அப்புறம் டிரையரின் கதவைத் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்களே… அந்த உதை மட்டும்தான் பாக்கி. கடைசியில், "ஆலோசிக்கணும்" என்றார். சேல்ஸ்மேனும் பெரிய விஷயம் கேட்டதுபோல் தலையாட்டினார்.

வெளியே வந்தோம். கொட்டுகிற மழை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் எங்க ஆள் ஒரு வாக்கியம் சொன்னார்.

"எட்டி, வெயிலு சும்மா கிடைக்குதுல்லா?"

சொல்லும்போதே ஆட்டோவின் கிழிந்த படுதா வழியாக மழை அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

இனி, டிரையர் எதற்கு என்று சொல்கிறேன்.

எங்க மாமி — அவருடைய அம்மா — மாசி மாசம் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு போய்ப் படுத்தவர். கால் நடக்காது. வாய் நடக்கும், ஓடும், சாடவும் செய்யும். எனக்கு அந்த வாய் பிடிக்கும். "மக்களே, என்னத் திருப்பிப் போடு. இந்தப் பக்கம் வெந்தாச்சு" என்பார், தோசையைச் சொல்வது போல.

படுத்த ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை விரிப்பு மாற்ற வேண்டும் என்பது மாற்றுகிறவர்களுக்குத்தான் தெரியும். வெயில் காலத்தில் கவலை இல்லை. காலையில் போட்டால் மத்தியானம் எடுக்கலாம். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் போச்சு. எங்க பாறசாலைப் பக்கம் ஒரு விசேஷம் உண்டு. கேரளத்துக்கு வருகிற மழையும் எங்களுக்குத்தான். ஐப்பசியில் தமிழ்நாட்டுக்குப் போகிற மழையும் எங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகும். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இரட்டைச் சலுகை.

ஃபேனுக்குக் கீழே விரிப்பு. ஜன்னல் கம்பியில் விரிப்பு. நாற்காலி முதுகில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கதவுக்கு மேலே… எங்கே போட்டாலும் உணங்காது. காய்வதை நாங்கள் உணங்குவது என்போம். பொழியூரில் கடலைப் பார்த்து வீடு வைத்திருக்கும் என் தங்கச்சி இன்னும் ஒரு படி மேல். "அக்கா, எங்க கொடியில துணி போடுததும் மீன உப்புல போடுததும் ஒண்ணாக்கும். நாளு போகப் போக ஈரம் கூடும்" என்பாள்.

ஈரம் நின்றால் வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளி விழும். கரிம்பன். விழுந்தால் போகாது. அதற்குப் பயந்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி அழுத்திப் பாதி ஈரத்தை நான் எடுப்பேன். மீதி ஈரத்தின் மேல் மாமி படுப்பார்.

வீடு வீடாக வந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி உண்டு. மாமியைச் சரித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"சேச்சி, முதுகுல தோலு சிவந்து கிடக்கு. இப்பம் புண்ணு இல்ல. ஈரம் தட்டிட்டே இருந்தா புண்ணாவும். இந்த வயசுல புண்ணு வந்தா லேசில ஆறாது. உணங்கின விரிப்பு வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இதற்குத்தான் எங்க ஆள் ஆலோசனை நடத்தினார்.

முதல் ஆலோசனை, ஷார்ஜாவில் இருக்கும் அவர் தம்பி ஜெயனோடு. வீடியோ கால். அவன் பனியனோடு பால்கனியில் நின்றான்.

"மைனி, டிரையர்லாம் எதுக்கு? துணி சீக்கிரம் பிஞ்சு போவும். நான் இங்க பால்கனியில போட்டா, சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள உணங்கிடும்."

"அங்க பாலைவனம்லா, ஜெயா?"

"ம்… அதும் ஒரு பாயிண்டுதான்."

பிறகு போனை அம்மாவிடம் காட்டச் சொன்னான். "எனக்க அம்மைக்கு ஒரு குறையும் வரப்பிடாது, மைனி" என்று கண் கலங்கினான். அந்தக் கண்ணீரும் அங்கே சீக்கிரம் உணங்கியிருக்கும்.

இரண்டாவது ஆலோசனை, பனச்சமூட்டில் ஒரு டீக்கடை. அங்கே நான் போகவில்லை. தீர்ப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. மெஷினில் உணங்கிய துணி உடம்புக்குச் சூடாம். மழைக்காலத்து வோல்டேஜை மெஷின் தாங்காதாம். கரண்ட் பில்லை நெஞ்சு தாங்காதாம். ஒருத்தர் சொன்னாராம்: "அது பனி பெய்யுத நாட்டுக்காரங்களுக்கு உள்ளதாக்கும். நமக்குச் சூரியன் உண்டு."

உண்டு. யார் இல்லை என்றது? எங்கே என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஈரத்துணியைக் கையால் தொடாதவர்களுக்குத்தான் வெயில் மேல் இவ்வளவு பக்தி. எங்க வீட்டில் புல் வெட்டும் மெஷின் வந்தது — ஆலோசனை இல்லை. கார் கழுவ ஒரு பிரஷர் பம்ப் வந்தது. மழை என்றால் வெளியே எடுக்காத கார், ஓடுவதைவிட அதிகமாக இப்போது குளிக்கிறது. ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலருக்கு மோட்டார் வைத்தோம். கையால் சுற்றினால் தோள் வலிக்கிறதாம். சொன்ன வாரமே வந்தது. ஒரு சாமான் அவசியமா, ஆடம்பரமா? ரொம்ப யோசிக்க வேண்டாம். யாருடைய தோள் வலிக்கிறது என்று பார்த்தால் போதும்.

ரப்பர் என்றதும்தான் கதையே வருகிறது.

எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் உண்டு. பாலை உறைய வைத்து, ரோலரில் அடித்து, ஷீட்டைப் புகைப்புரையில் தொங்க விடுவோம். புகைப்புரை என்றால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அடியில் தேங்காய் உரித்த தொண்டும் சிரட்டையும் புகைந்துகொண்டே இருக்கும். மேலே மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் தொங்கும். வெளியே என்ன மழை பெய்தாலும் சில நாளில் தேன் நிறத்தில் உணங்கிவிடும். அதாவது, எங்க வளவில் ரப்பருக்கு ஒரு டிரையர் எப்போதோ கட்டியாச்சு. மனுஷருக்குத்தான் ஆலோசனை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் புகைப்புரை வாசலில் நின்று எங்க ஆள் கூப்பிட்டார்.

"எட்டி லில்லி, இஞ்ச வா. நமக்கு டிரையர் இருக்கே. துணிய இதுக்குள்ள போடு. நல்ல சூடாக்கும்."

"புகை மணம் பிடிக்கும்."

"என்ன மணம்? எனக்கு ஒண்ணும் மணக்கல்லியே."

மணக்காது. சின்ன வயதிலிருந்து ஷீட்டோடு வளர்ந்த மூக்கு அது.

"மாமிக்கு நெஞ்சில சளி இருக்கு. அவங்க விரிப்ப இதில போட மாட்டேன்" என்றேன். "வேணும்னா முதல்ல உங்க துணியப் போட்டுப் பாப்போம்."

"ஓ, போடு" என்றார், பெரிய மனசோடு.

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ரெண்டு ஷீட்டுக்கு நடுவில் நல்ல இடமாகப் பார்த்துத்தான் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் அப்பளம் போல் மொறுமொறுவென்று உணங்கியிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எங்க ஆள் வேட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உடனே ஒரு போட்டோ ஷார்ஜாவுக்குப் போனது. ஷார்ஜாவிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

மறுநாள் ஆராதனை. எங்க சபையில் அவர் கமிட்டி மெம்பர். அன்றைக்குக் காணிக்கை எடுப்பது அவர் முறை. மழைச்சாரலுக்காக ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. பாட்டு தொடங்கியதும் காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாக, நிதானமாக நடந்தார்.

நான் பெண்கள் பக்கம் இருந்தேன். முதல் பெஞ்சில் பாட்டு லேசாகத் தடுமாறியது. அடுத்த பெஞ்சில் ஒருத்தர் இருமினார். அதற்கடுத்த பெஞ்சில் எல்லோரும் திரும்பி மேலே பார்த்தார்கள். அவர் போகப் போக, பாட்டு அவர் கூடவே அணைந்துகொண்டு போனது.

என் பக்கத்தில் இருந்த அக்கா காதில் சொன்னார்: "பிள்ளே, எங்கயோ வயரு கரியுது."

வயரில்லை என்று நான் சொல்வதற்குள், கோயில் வேலை பார்க்கிறவர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். லைட் போச்சு. கீபோர்டு போச்சு. ஃபேன் நின்றதும் அந்த மணம் ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றது. நடுக்கோயிலில், கையில் பையோடு, எங்க ஆள். அவரும் அண்ணாந்து பார்த்து வயரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மணமும் தெரியாத ஒரே ஆள்!

தங்கையன் அண்ணன் அவருக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். ரப்பர் வாங்குகிற கடைக்காரர். ஷீட்டைப் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்துத் தரம் சொல்லிச் சொல்லியே வயசானவர். அவர் எட்டி, எங்க ஆளின் வேட்டி நுனியைப் பிடித்து, விரலால் உரசிப் பார்த்தார்.

"எலே செல்வராஜே, இது வயரில்லலே. தொண்டுப் புகையாக்கும். நல்லா உணங்கியிருக்க, மக்கா. நாளைக்குக் கடைக்கு வா, நாலாம் கிரேடு போட்டுத் தாறேன்."

பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. போதகர் தலைகுனிந்து நின்றார். ஜெபம்தான் பண்ணினார் என்று நம்புகிறேன். தோள் ஏன் குலுங்கியது என்று தெரியவில்லை.

வீடு வரும்வரை எங்க ஆள் வேட்டி நுனியைத் தூக்கித் தூக்கி மோந்து பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் மாமி கூப்பிட்டார், திருப்பிப் போடச் சொல்லி. நான் அதற்குள் அடுக்களையில் மீனில் மசாலா பிசைந்துகொண்டிருந்தேன். "நீங்க போங்க" என்றேன். மருந்து எடுத்துக் கொடுப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர் செய்வார். திருப்புவதும் விரிப்பு மாற்றுவதும் என் வேலை என்று எப்படியோ ஆகிவிட்டிருந்தது.

போனார். ஒரு கையைத் தோளுக்குக் கீழே கொடுத்தார். இன்னொரு கையை முதுகுக்கு அடியில் விட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"லில்லி, விரிப்பு நனைஞ்சு கிடக்கு."

"நனையல்ல. கோயிலுக்குப் போகதுக்கு முன்னதான் மாத்தினேன். உணங்காதது, அது."

"எப்பவும் இப்பிடியா?"

"மழை தொடங்கினதுலயிருந்து."

மாமிதான் இடையில் பேசினார். "மழை பெய்தா அவ என்ன செய்வா? நானும் குளத்துல கிடக்குத மாதிரிதான் கிடக்கேன். பழகிப் போச்சு. நீ கொஞ்சம் தள்ளி நில்லு மக்கா… உனக்க மணத்துல எனக்கு இருமல் வருது."

அவர் கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி விரிப்பைத் தொட்டார். மாமியின் முதுகைப் பார்த்தார், அந்தச் சிவப்பை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு ஈரத்துணியைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ஆலோசனை கிடையாது. ஷார்ஜாவுக்குக் கால் போகவில்லை. டீக்கடைக்குக் கேஸ் போகவில்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அதே சேல்ஸ்மேன். "சாரே, ஆழ்ச்சயில் எத்ர தவண…" என்று தொடங்கினார்.

"அவகிட்டக் கேளு" என்றார் எங்க ஆள்.

கேட்டார். நானும் கேட்டேன். குழாய் போட்டு வெளியே ஆவி விட வேண்டாத வகை எது, கனத்த பருத்தி விரிப்பு ஒரு தடவைக்கு எத்தனை போடலாம், வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும், உள்ளே சேருகிற தூசியை யார் எடுக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அந்த சேல்ஸ்மேன் எங்க ஆளைப் பார்த்தார். கடைக்காரர்களுக்கும் புத்தி வரும்போல.

மெஷின் வந்து, முதல் விரிப்பைச் சூடு ஆறுவதற்குள் மாமிக்கு விரித்தேன். மாமி உள்ளங்கையால் விரிப்பைத் தடவிக்கொண்டே கிடந்தார். அந்த வாய் சும்மா இருந்து நான் அப்போதுதான் பார்த்தேன். அப்புறம், "எட்டி, விரிப்பச் சுட்டு எடுத்தியா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். போன வாரம் வந்த நர்ஸ் முதுகைப் பார்த்துவிட்டு, "சிவப்பு குறையுது, சேச்சி. இப்பிடியே பாத்துக்கிடுங்க" என்றாள்.

இப்போது பனச்சமூட்டு டீக்கடையில், டிரையர் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு குடும்பம் எப்படி வாழ முடியும் என்று ஒருத்தர் வகுப்பு எடுக்கிறாராம். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெயனும் கூப்பிட்டான். "நான் அப்பமே சொன்னேன்லா, மைனி?"

சொன்னான், சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டிக்கு மட்டும் இன்னும் விடிவு இல்லை. எத்தனை தடவை அலசியும் புகை மணம் போகவில்லை. நேற்று மெதுவாக வந்து, "இதையும் மெஷினில போட்டா என்ன?" என்றார். மாமியின் விரிப்பு போகிற மெஷினில் புகையை ஏற்றவா? வெளியே கொடியில் கொண்டு போட்டேன். மழை பெய்கிறது. பெய்யட்டும்.

வெயில் சும்மா கிடைக்குதுல்லா?