நூற்றொன்று தசம் ஐந்து

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கிளினிக்கில் என்னை உயரம் பார்த்தார்கள். தலையில் வந்து முட்டும் பலகையைத் தாதிப்பிள்ளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். துடைத்தும் போகாத தேங்காயெண்ணெய் வாசம். அவள் இலக்கத்தைச் சொல்ல, மேசையில் இருந்தவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள்.

"எழுதினதை ஒருக்காக் காட்டுங்கோ பிள்ளை" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் முதல் வேலையே அதுதான். ஐந்தடியைத் தொடாத என்னைப் பிடித்து ஊர்ப்பிள்ளைகளை உயரம் அளக்க அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுக்கிற அந்தக் கந்தோருக்கும் பகிடி தெரிந்திருக்கிறது. மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடுகிற அளவுகோல். நான் பார்த்துச் சொல்லவேண்டும், மெற்றில்டா அக்கா திருப்பிச் சொல்லி எழுதவேண்டும். அக்கா கொக்கிளாய்க்காரி. கடலில் நிற்கிற வள்ளத்தைக் கரையிலிருந்தே கூப்பிடுகிற குரல். கருவாடு பொரித்து எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார். அந்தக் குரல் திருப்பிச் சொன்னால் என் இலக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி.

பிள்ளைகள் வரமுன் கோலைச் சோதிப்போம். சரியாக ஒரு மீற்றரில் வெட்டிய இரும்புக் குழாயை நிறுத்தினால் நூறு காட்டவேண்டும். வற்றாப்பளைப் பக்கம் ஓட்டோவிலிருந்து விழுந்து கோலின் அடித்தட்டு வெடித்தது. தச்சர் ஒருவர் அதன்மேல் முதிரைப் பலகை அடித்துத் தந்தார். ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பு. அதில் ஏறி நின்ற எல்லோரும் அவ்வளவு வளர்ந்தார்கள், குழாய் உட்பட.

"நூற்றொண்டு தசம் அஞ்சு" என்பேன்.

"நூற்றொண்டு தசம் அஞ்சு. குழாயும் சத்துமா தின்னுது போல" என்பார் அக்கா.

சிரிப்போம். அக்கா எழுதுகிற சோதனைத் தாளைப் பார்த்து அந்த ஒன்றரையைக் கந்தோரில் கழித்துக்கொள்வார்கள் என்று இருந்தேன்.

வயதுக்கு உயரம் காணாத பிள்ளைகளுக்கு மட்டுந்தான் சத்துமா. அடுத்த பட்டியலில் செல்வமலரின் மகள் பெயர் வெட்டப்பட்டிருந்தது. மலைநாட்டிலிருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பம். செல்வமலர் மகளைக் கொண்டுவந்து என்முன் நிறுத்தினாள்.

"தீவாளிக்கு எடுத்த சட்ட மிஸ். இன்னும் கணுக்கால்லதான் கெடக்கு. புள்ள வளந்துருச்சின்னு யாரு சொன்னா?"

"கந்தோரில கழிச்சுத்தான் பாக்கிறவை அம்மா."

எவ்வளவு நம்பிக்கை எனக்கு. அவள் மகளின் சட்டை விளிம்பை இன்னொருதரம் கணுக்காலோடு வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அந்த விளிம்பு என்னை விடவில்லை. மத்தியானம் அக்கா கைகழுவப் போன நேரம் சோதனைத் தாள்களைப் புரட்டினேன். நூறு. நூறு. நூறு. முட்டை முட்டையாய் அழகான பூச்சியங்கள்.

"என்னக்கா இது?"

ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "உள்ளதை எழுதினால் கோலைக் கொழும்புக்கு எடுப்பாங்கள். திரும்பி வருமட்டும் எனக்கு வேலையில்லை. நீ தனிக்கட்டை, எனக்கு நாலு வயிறு."

"அப்ப ஏன் திருப்பிச் சொன்னனீங்கள்?"

"நீ சொன்னதைத்தானே சொன்னனான்."

அன்றே கந்தோருக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்தவருக்கு முன்னால் அக்கா என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "இவள் நூறு எண்டுதான் சொன்னவள் சேர்."

அன்றுதான் நான் சொல்லாத ஒன்றை அவர் திருப்பிச் சொன்னார். அதே குரல். வேலை எனக்குத்தான் போனது.

அந்தக் கழற்றுகோல்களை இப்போது காணக் கிடைப்பதில்லை. கருவாட்டு வாசம் வந்தால் யன்னலைச் சாத்துகிறேன். செல்வமலர் குடும்பம் இருந்த காட்டோரம் இன்று வாழைத்தோட்டம், எங்கே போனார்களோ. மகள் பெரியவளாகியிருப்பாள். அந்தச் சட்டை எப்போது முழங்காலுக்கு ஏறியது என்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை.