குறுவாளுக்கு எண்ணெய் பூசிய ஞாயிறு

என்னிடம் மூன்று ஜப்பானியக் குறுவாள்கள் இருக்கின்றன. ஊரில் ஆயுதத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் ஒஸ்லோவில் வாள் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறான் என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவற்றால் நான் ஒரு வெண்டிக்காய்கூட வெட்டியதில்லை. "மீன் வெட்டவும் உதவாத கத்தி" என்பாள் மனைவி. கழுவித் துடைத்து வைக்கிற சாமான் என்றால் அவளுக்கு விளங்கும். தண்ணீரே படக்கூடாத சாமானை வீட்டில் வைத்திருப்பது அவளுக்கு விளங்கவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை. நாள் முழுக்கக் கத்தரிகளும் இடுக்கிகளும். துருவே பிடிக்காத உருக்கு அது. கொதிநீரில் போட்டாலும் அப்படியே பளபளக்கும். அதன்மேல் எனக்கு மரியாதை வந்ததேயில்லை. முதலாவது குறுவாளை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த லொப்பெமார்க்கெட் என்கிற பழைய சாமான் சந்தையில், ஒரு மேசையில், ஸ்கேட்டிங் சப்பாத்துகளுக்கு அடியில் கண்டெடுத்தேன். யாரோ செத்துப்போன கப்பல்காரருடையதாம். உறையிலிருந்து இழுத்தபோது பாதிக்கு மேல் துரு. மீதியில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அன்றைக்கு அந்தக் கோட்டில் விழுந்தவன்தான். தெரிந்த ஒருவரிடம் தீட்டக் கொடுத்துத் துருவை எடுப்பித்தேன்.

அந்தக் கோடு களிமண்ணால் வருவது. காய்ச்சிய வாளைத் தண்ணீரில் அமிழ்த்துவதற்கு முன் கொல்லன் அதில் களிமண் பூசுகிறான்; முதுகில் தடிப்பாக, கூர்ப்பக்கத்தில் மெல்லிசாக. மெல்லிசான பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிவிடும். தடித்த பக்கம் ஆறுதலாகக் குளிர்ந்து, அடி தாங்குகிற இரும்பாக நிற்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பாலாடையின் ஓரம் போல ஒரு கோடு விழும். ஒரு வாளில் விழுந்தது இன்னொரு வாளில் விழாது. ஸ்டோவ்னரில் எங்கள் எட்டாம் மாடி வீட்டில், ஜன்னலோரம் பனி வெளிச்சத்தில் அதைச் சரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது.

பராமரிப்பதுதான் பெரிய வேலை. பழைய எண்ணெயை மெல்லிய கடதாசியால் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு கல்லுமாவுப் பொட்டலத்தால் ஒற்றி, அந்த மாவையும் துடைக்க வேண்டும். கடைசியில் கராம்பு வாசமுள்ள எண்ணெயை மெல்லிசாகப் பூச வேண்டும். எண்ணெய் இல்லாத வாளின் முன்னால் கதைக்கக் கூடாது. வாயிலிருந்து ஒரு பொட்டுத் துப்பல் தெறித்தாலும் அந்த இடத்தில் துரு பிடிக்கும். அதனால் சிலர் உதடுகளுக்கிடையில் ஒரு கடதாசியைக் கவ்விக்கொள்வார்கள். புத்தகத்தில் படித்துவிட்டு நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கடதாசி எனக்கு வசதியாகவும் இருந்தது. மனைவி ஏதாவது கேட்டால் வாயைக் காட்டுவேன். "உங்களுக்கு இதொரு சாட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம். அவளுடைய ஒரே தம்பி வன்னியில் அகப்பட்டிருந்தான். தாய் தகப்பன் இல்லை, அவன் கலியாணமும் கட்டவில்லை. அவனுக்கு இவளும் இவளுக்கு அவனும்தான். நான்கு கிழமையாக ஞாயிறுதோறும், யாரோ வைத்திருந்த சற்றலைற் தொலைபேசியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைப்பு எடுத்தான். வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு தரம்தான் முயற்சி பண்ணலாம். இரண்டு நிமிடம் கதைப்பான். "இருக்கிறன் அக்கா" என்பான். அந்த ஒரு சொல்லில்தான் அவள் அடுத்த ஞாயிறு வரைக்கும் உயிர் வாழ்ந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே தொலைபேசியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். சப்பாத்து போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, தம்பி எடுப்பான். வெளியாலை போயிடாதேங்கோ."

"ஓம். நான் எங்கை போகப்போறன்?"

அவன் எப்போதும் பின்னேரம்தான் எடுப்பான். அதற்குள் ஒரு வாளையாவது முடித்துவிடலாம் என்று மேசையில் துணியை விரித்தேன். பதினொரு மணியிருக்கும். எண்ணெய் முழுக்கத் துடைத்தாயிற்று, வாள் முழுக்க மாவு, உதட்டில் கடதாசி. தொலைபேசி அடித்தது.

இலக்கம் காட்டாத பழைய தொலைபேசி. அந்த நாட்களில் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் "ஏதும் செய்தி தெரியுமோ" என்று கேட்டு ஓயாமல் எடுப்பார்கள். அப்படி ஒருவர்தான், கொஞ்சமும் நேரகாலம் தெரியாத ஆட்கள், என்று எரிச்சல் வந்தது. மாவோடு உறையில் போட்டால் கீறல் விழும் என்று நினைத்தேன். மணி நின்றது. ஒரு நிமிடத்தில் திரும்பவும் அடித்தது. அவனாக இருக்குமென்று அப்போது எனக்குத் தெரிந்தது என்றால் பொய். தோன்றவேயில்லை என்றாலும் பொய்தான். வாளைத் துணிமேல் வைத்துவிட்டுப் போக நாலு எட்டு. நான் எழும்பவில்லை.

மாலையில் அவள் வந்து ஜக்கெற்றைக் கழற்றுவதற்கு முன்னமே கேட்டாள்.

"எடுத்தவனோ?"

"இல்லை."

"வேறை ஆரும்?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை."

பிறகு எந்த ஞாயிறும் அவன் எடுக்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை எல்லாம் விட்டுவிட்டுத் தொலைபேசியின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள்.

இலையுதிர் காலத்தில், நான் வேலையில் இருந்தபோது, என் கைத்தொலைபேசிக்கு ஒருவர் எடுத்தார். தம்பியோடு ஒரே பங்கரில் இருந்தவராம், இப்போது முகாமில். தம்பியின் கொப்பியில் என் இலக்கமும் இருந்ததாம். கருவிகள் கழுவும் இயந்திரங்களின் இரைச்சலில் கேட்காமல் படிக்கட்டுக்கு வந்து நின்றேன்.

"அண்ணை, ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலமை, செல் விழுந்து. நான் பக்கத்திலைதான் நிண்டனான்" என்றார். பிறகு, நல்ல செய்தியும் ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "அதுக்கு முந்தின ஞாயிறும் உங்கடை வீட்டுக்கு எடுத்தவர். ரெண்டு தரம் மணி போச்சுதாம், ஒருத்தரும் எடுக்கேல்லையாம். அத்தானும் அக்காவும் கோயிலுக்குப் போயிருப்பினம் எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்தவர்" என்றார்.

வீட்டுக்கு வந்து குசினியில் வைத்து அவளுக்குச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பை நிறுத்தினாள்.

"எப்பவாம்?"

"நாள் தெரியாதாம்" என்றேன்.

செவ்வாய் என்று சொன்னால் அதற்கு முந்தின ஞாயிறு ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். அதற்குப் பயந்துதான் சொன்னேன். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு வாள்களை நான் தொடவில்லை. இரண்டு மாதத்தில் முதலாவது வாளில் கோட்டுக்குக் குறுக்கே ஒரு பயறளவு துரு இறங்கிவிட்டது. அதை எடுப்பதென்றால் திரும்பவும் தீட்ட வேண்டும். தீட்டினால் கோடும் சேர்ந்து தேயும். அதைக் கண்டவள் அவள்தான். அலுமாரியிலிருந்து கராம்பு எண்ணெய்ப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். "பூசுங்கோ. உங்களுக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதானே. நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பூசினேன். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

கிரியைகள் செய்வதற்கு ஐயர் திதி கேட்டார். நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்றும் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாங்கத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எண்ணினாள்.

"நாலாவது ஞாயிறு கதைச்சவன். அடுத்த ஞாயிறு எடுக்கேல்லை. உயிரோடை இருந்திருந்தா எப்பிடியும் எடுத்திருப்பான், என்னைத் தவிக்க விடமாட்டான். அப்ப சனிக்கிழமைக்கிடையிலை முடிஞ்சுது." பிறகு என்னைப் பார்த்தாள். "சனிக்கிழமைத் திதியையே வைப்பமே? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஐயரும் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வரப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே விளங்கியது.

"ஓம், நீர் சொல்லுறதுதான் சரி" என்றேன்.

பெண்கள் செய்வதில்லை என்று திவசத்துக்கும் என்னையே இருத்தினார்கள். ஒவ்வொரு வருடமும் விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு, அவன் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். அந்தத் திதியில் அவன் உயிரோடு இருந்தான். எங்களுக்கு எடுப்பதற்கு விடிய எழும்பி வரிசையில் நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பான். அவனுக்குப் பிடித்த கணவாய்க்கறியை வைக்க முடியாதே என்று அவள் மரக்கறியில் ஏழு வகை சமைத்து வாழையிலையில் படைக்கிறாள். படைத்து முடிந்ததும், "இனி ஒரு வருசத்துக்குப் பசி கிடக்கமாட்டான்" என்று சொல்லிக்கொண்டு எனக்கும் ஒரு இலை போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன். மூன்று நாள் கழித்து அவன் செத்த திதி வரும். அன்றைக்கு நான் வேலைக்குப் போகிறேன், அவளும் வேலைக்குப் போகிறாள், அவனுக்கு ஒருவரும் சோறு வைப்பதில்லை.