சனிக்கிழமை டப்பா

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. மயிலாப்பூரில், கால்வாயை ஒட்டிய ஹவுஸிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். அப்போது எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் பிளாக்கின் கீழே ஒரு பால்வாடி உண்டு. குழந்தைகள் வராத சனிக்கிழமைகளில், சர்க்கரை உள்ள பெண்கள் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். டாக்டர், நர்ஸ் யாரும் கிடையாது. எங்களுக்கு நாங்களேதான். எதிர் பிளாக்கில் எம்ப்ராய்டரி போடும் பாய் வீட்டு அக்கா மாதம் ஒருமுறை மெஷினை வைத்து விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துச் சொல்வார். வாராவாரம் நடப்பது டப்பா திறப்பு. அன்றைய மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். நல்ல டப்பாவுக்குக் கைதட்டு.

எனக்குத் தோற்கப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆட்டத்தில் தோற்றதற்கே இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தவள் நான். அதனால் சனிக்கிழமைக்கென்றே கம்பு அடை, முருங்கைக்கீரைப் பொரியல், வெள்ளரிக்காய் என்று ஜோடித்துக்கொண்டு போவேன். கைதட்டு வாங்கியதும் அந்த டப்பாவை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, நான் சோற்றைக் குவித்து, உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்துவிடுவேன். மாதச் சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் அரைப் பட்டினி. எண்ணும் ஓரளவு அடக்கமாகவே வந்து என் மானத்தைக் காப்பாற்றிவிடும்.

ஒரு சனிக்கிழமை, கைதட்டு வாங்கிய குஷியில் வாய் நீண்டுவிட்டது. "நான் மாத்திரைய விட்டு ரெண்டு மாசமாச்சு. கம்பும் கீரையும்தான் எனக்கு மருந்து" என்றேன். உண்மையில் ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன். "டாக்டரக் கேட்டியா?" என்றார் பாய் வீட்டு அக்கா. "கேக்காமலா?" என்று அதையும் அளந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயில் குளத்தருகே பூ விற்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. முகூர்த்த நாட்கள், வியாபாரம் இருக்கும் என்று நினைத்தோம். மூன்றாவது வாரமும் காணாமல், மூன்று மாடி ஏறி அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"யக்கா, எவ்ளோ தண்ணி குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது. கண்ணு வேற மங்கலா கீது" என்றாள். அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நீ வுட்டுட்டேன்னு சொன்னியேக்கா, அதான் நானும் வுட்டுட்டேன்" என்றாள். உடனே போனை எடுத்துப் பாய் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் மெஷினோடு ஓடிவந்தார். எண்ணே வரவில்லை. மெஷின் அளக்கிற எல்லையையே சர்க்கரை தாண்டிவிட்டது என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று சொன்ன டாக்டரம்மா, "யார் சொல்லி மாத்திரைய நிறுத்தினீங்க?" என்று சத்தம் போட்டார்.

நான் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடிக்க ஆரம்பித்தேன். அவள் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நிறுத்திட்டேன்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். அவள் எழுந்து வந்த முதல் சனிக்கிழமை, நான் நிஜமாகச் சாப்பிடுகிற டப்பாவையே கொண்டுபோனேன். குவித்த சோறு, மேலே வறுவல், ஓரத்தில் இரண்டு அப்பளம். மாத்திரை விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். "அல்லாவுக்கே அடுக்காதும்மா" என்று பாய் வீட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூக்காரப் பெண்தான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, இம்மாம் வறுவலையும் எங்க கண்ணுல காட்டாம நீ மட்டும் துன்னுகினு கீறியா?" என்றாள். பால்வாடியே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன், தினமும் டீக்கடையில் இரண்டு பன் தின்பதாக ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் திருட்டுத் தீனியைச் சொல்லி, கூட்டம் முடிய மணி இரண்டாகிவிட்டது.

இப்போது எங்கள் இருவருக்குமே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இன்றும் சனிக்கிழமை டப்பா கட்டும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை ஞாபகம் வரும். கரண்டி சோற்றின் பக்கம் இன்னொரு தடவை போய்விட்டால், அதையும் ஒளிக்காமல் சேர்த்தே கட்டிக்கொண்டு போகிறேன்.