தேயிலையில் கிராம்பு வாசம்

போன வாரம் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். என் மகள் வயதிருக்கும். நாற்காலியைச் சாய்த்து, வாயை அகலத் திறக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். பல் மருத்துவர்கள் எல்லோருக்குமே இந்தப் பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். "அங்கிள், பல்லு விளக்கறப்ப ரத்தம் வருதா?" என்றார். நான் "ஆ" என்றேன். "எவ்ளோ நாளா?" அதற்கும் "ஆ"தான். ஈறு லேசாக வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, கொப்பளிக்கச் சிறிய குவளையில் இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். வாயில் வைத்ததும் கிராம்பு வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நான் ஈப்போவில் இல்லை. கேமரன் மலையில், தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தோட்டத்தில் எனக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை. அந்த மலையில் மழை எப்போது வரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள். தராசுக்குப் பக்கத்தில் நனைந்த சாக்குகளோடு இன்னொரு சாக்காக நானும் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் ருசி அறையின் கண்ணாடிச் சன்னல் தெரியும். உள்ளே அடுப்பு, கொதிக்கும் கெண்டி, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். உலர்ந்த சட்டை போட்ட ஒரு மனிதர் கரண்டியால் தேநீரை மொண்டு, சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்புவார். அதற்குச் சம்பளம் வேறு! எங்கள் வீட்டில் அப்படி உறிஞ்சினால் அம்மா தலையில் குட்டுவார்.

அந்த மனிதர் ஓய்வு பெற்றார். நிர்வாகி, அதாவது துரை, என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்போது வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டார்கள். இவர் நம் ஆள்தான், ஆனால் கோபம் வந்தால் மட்டும்தான் தமிழ் பேசுவார். அன்றைக்கு ஆங்கிலத்தில் சொன்னதால் தைரியமாகக் கேட்டுக்கொண்டேன். சில வாரம் பழகு, பிறகு சோதித்துப் பார்க்கிறேன், தேறினால் அந்த இடம் உனக்கு, தேறாவிட்டால் தராசுக்கே போய்விடு. ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்றால், வெற்றிலை, சிகரெட் இரண்டையும் தொடாத ஆம்பளை அங்கே அகப்படவில்லை. அது ஒழுக்கமில்லை, அம்மாவிடம் இருந்த பயம். எப்படியோ, உலர்ந்த சட்டை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

ருசி அறையில் கோப்பை கழுவுபவர் பிலோமினா அக்கா. தங்கமான மனுஷி, ஆனால் வாய்தான் கொஞ்சம் பெரிது. நான் உறிஞ்சித் துப்பிப் பழகிக்கொண்டிருந்தபோது, தொட்டியைக் கழுவ வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"மாதாவே! ரத்தம்! தம்பிக்கு டீபி போலலா!"

நான் இருமவே இல்லை என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? சாயங்காலத்துக்குள் தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சன்னலோர இடம் கிடைத்தது. ஆனால் விஷயம் துரையின் காதுக்குப் போனால் ருசி அறைப் பக்கம் தலை காட்ட முடியாதே என்ற பயத்தில் மலையழகை ரசிக்க முடியவில்லை.

வீட்டில் சவரக் கண்ணாடியை வைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறெல்லாம் செக்கச்செவேலென்று, பல்லோரத்தில் பொதபொதவென்று இருந்தது. விரலால் அமுக்கினால் ரத்தம் கசிந்தது. வலி மட்டும் இல்லை. வாயை உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவர்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்தக் குளிரில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் வாயில் பட்டால் உயிர் ஒரு தடவை வெளியே போய்த் திரும்பி வரும். எனவே ஆள்காட்டி விரலில் கொஞ்சம் பல்பொடி, முன்பல்லில் இரண்டு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, முடிந்தது. கடைவாய்ப் பற்கள் தண்ணீரையே பார்த்திருக்காது.

வைத்தியம் ஆரம்பமானது. டீபிக்குத் தள்ளிப் போனவர்கள் ஈறு என்றதும் கிட்ட வந்துவிட்டார்கள். ஒருவர் கரியும் உப்பும் என்றார். ஒருவர் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவு என்றார். தடவினேன், மஞ்சள் பல்லோடு வேலைக்குப் போனதில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அன்று முழுக்கச் சிரித்தார்கள். வேப்பங்குச்சிதான் மருந்து என்றார் இன்னொருவர். அந்தக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? லாரிக்கார முனியாண்டி அண்ணனிடம் சொன்னேன். அவர்தான் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து காலி தேயிலைப் பெட்டிகளை மேலே ஏற்றிவருபவர். பாவம், எனக்காக யார் வீட்டு மரத்திலோ ஏறி ஒரு கட்டு ஒடித்துவந்தார். நான் தரை தேய்ப்பதுபோல் தேய்த்தேன். ரத்தம் இன்னும் கூடியது.

சோதனை நாளும் வந்தது. பிலோமினா அக்கா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி கிராம்பை எடுத்துக் கொடுத்தார். "இத நல்லா மென்னு அடக்கி வச்சுக்க. ரத்தமும் நிக்கும், வாசமும் போயிரும்." மென்றேன். நாக்கு மரத்துப்போனது. சந்தோஷமாக உள்ளே போனேன்.

புதிதாக அடைத்த பெட்டிகளிலிருந்து எடுத்த தேயிலை, வரிசையாகக் கோப்பைகளில். வழக்கப்படி ஒவ்வொரு கோப்பையிலும் முதலில் நான் கரண்டியை விட்டு உறிஞ்சித் துப்ப வேண்டும், பின்னாலேயே துரை உறிஞ்சுவார். முதல் கோப்பை கிராம்பாக இருந்தது. இரண்டாவதும் கிராம்பு. பொய் சொல்லத் தெரியாமல், "சார், இதிலும் கிராம்பு வாசம் அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு உறிஞ்சினார். அடுத்ததை உறிஞ்சினார். கரண்டியை மேசையில் போட்டார்.

"எந்த மடையன் கிராம்பு கொண்டாந்தான்?"

தமிழ்!

தேயிலைக்கு அக்கம்பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. பெட்டி வந்த லாரியில் எவனோ மசாலாச் சாமான் ஏற்றியிருக்கிறான், பலகையில் வாசம் ஏறி, சரக்கு முழுவதும் பாழ் என்று துரை முடிவு கட்டினார். பெட்டிகளை வெளியே இறக்கினார்கள். ஆட்கள் மூக்கை விட்டு மோந்தார்கள். துரை மூக்கைச் சுளித்துவிட்ட பிறகு, வாசம் இல்லையென்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. "லேசா வருது சார்" என்றார்கள். முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"சாமி சத்தியமா நான் ஏத்தல சார்! வேப்பங்குச்சி ஒரு கட்டு கொண்டாந்தேன், அதும் இந்தத் தம்பிக்குத்தான்!" என்றவர், கண் கலங்க என்னிடம் வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். "நீயாவது சொல்லுலா தம்பி! வேல போயிரும்லா எனக்கு!"

சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் முனியாண்டி அண்ணனின் மூக்கு இரண்டு தடவை விடைத்தது. இன்னும் கிட்ட வந்து என் வாய்க்கு நேராக மோந்தார்.

"சார்! இங்க வாங்க சார்! கிராம்பு மூட்ட இங்கதான் நிக்குது!"

துரை வந்தார். அவரும் மோந்தார். என் வாயிலிருந்து கரண்டிக்கும், கரண்டியிலிருந்து ஒவ்வொரு கோப்பைக்கும் வாசம் நடந்துபோன கதை அவருக்கு விளங்கியது. பெட்டிகளையும், அவற்றை மோந்து தலையாட்டியவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனியாண்டி அண்ணனும் சிரித்தார். நான் மட்டும் பிலோமினா அக்காவைப் பார்த்தேன். அவர் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கோப்பையிலயும் கிராம்புன்னு மொதல்ல சொன்னவன் நீதானே? நாக்கு சரியாத்தான் இருக்கு. வாயச் சரி பண்ணிட்டு வா" என்றார் துரை. அதையும் தமிழில்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் என் வாயைப் பார்த்துவிட்டு, டீபியும் இல்லை கீபியும் இல்லை, அழுக்கு சேர்ந்து ஈறு புண்ணாகியிருக்கிறது என்றார். மெத்தென்ற பிரஷ் வாங்கி, காலையும் படுக்கும்போதும் கடைவாய் வரைக்கும் மெதுவாக விளக்கு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, கிராம்பு மரத்துப்போகச் செய்யும், அழுக்கை எடுக்காது. "அப்பவும் அடங்கலன்னா தானா ராத்தா டவுன்ல இருக்கற பல்லு டாக்டர்கிட்ட போ" என்று சொல்லி அனுப்பினார். ருசி அறைக் கெண்டியில்தான் எப்போதும் வெந்நீர் இருக்குமே. காலையில் நான் தராசுக்குப் போகும் வழியில் பிலோமினா அக்கா சன்னலைத் திறந்து உப்புப் போட்ட குவளையை நீட்டுவார். "குடிச்சிராத தம்பி" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது. மறுபடியும் கோப்பைகள் வைத்தார்கள். இந்தத் தடவை தேநீர் தேநீராக ருசித்தது, அந்த இடமும் எனக்குக் கிடைத்தது. உலர்ந்த சட்டையோடு வெளியே மழையைப் பார்த்த அந்தக் காலையைப் போன்ற சந்தோஷம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்று ஈப்போ டாக்டர் சொல்லியிருந்தார். கீழே இறங்கியதும் நேராகத் தேநீர்க் கடைக்குத்தான் போனேன். சர்ரென்று உறிஞ்சினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தேநீர் முழுக்கக் கிராம்பு வாசம்.

அந்த ருசி அறையில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்குக் கேக் விற்கிறார்கள், அதே கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து. பிலோமினா அக்காவை மலைக்குக் கீழே மகன் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள், அங்கேயே அடக்கம் செய்தார்கள். முனியாண்டி அண்ணனும் இல்லை, மரப் பெட்டிகளும் இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தேநீரில் கிராம்பு வாசம் என்று சத்தமாகச் சொல்ல நினைத்தேன். யாரிடம் சொல்வது? ஓடிவந்து என் வாயை மோந்து பார்த்து, நான்தான் என்று கண்டுபிடிக்க ஒருவரும் மிச்சமில்லை.